கப்பலோட்டிய உதவிச் செயலாளர்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் சான் ஹோசேயிலிருந்து கூப்பிட்டான். இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்குகிறானாம். டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்ய ஆன்லைன் படிவம் பாதி நிரப்பியாகிவிட்டது.

"மச்சான், பேப்பர்ல உன் பேரப் போட்டுக்கவாடா? சிடிஓ, அப்புறம் கார்ப்பரேட் செகரட்டரி. பெருசா வேலை ஒண்ணும் இருக்காது. இப்ப பாக்குற வேலைய விட வேண்டாம். ரெண்டு பர்சென்ட் ஷேர் தர்றோம். கையெழுத்து மட்டும் போடு, போதும்."

மறைக்காமல் சொல்கிறேன். சிடிஓ என்ற மூன்றெழுத்தை என் பெயருக்குப் பக்கத்தில் வைத்து மனதுக்குள் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பத்து வருடமாக நான் கன்சல்டன்ட். அடுத்தவர் கம்பெனிக்குப் போய், அடுத்தவர் சிஸ்டத்தைச் சரிசெய்து, பில் அனுப்புகிற ஆள். 'ஆஃபிசர்' என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் எடிசனில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். அப்பாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்: "போடுறதும் போடாததும் உன் இஷ்டம்ப்பா. ஆனா எங்க ஒட்டப்பிடாரத்துக்காரர் ஒருத்தரும் இப்படித்தான் ஒரு கம்பெனில செகரட்டரி வேலைக்கு ஒத்துக்கிட்டார். அவர் கதைய ஒழுங்காப் படிச்சிட்டுப் போடு."

அவர் சொன்னது வ.உ.சி.யை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு மாதம் படித்த பிறகு சிரிப்பு போய்விட்டது. நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தப் பதிவு. உங்களில் பாதிப் பேருக்கு இருபத்திரண்டு வயதுக்குள் இதே போன் வரும். ஹாஸ்டல் அறையிலேயே கூட வரும்.

தமிழ்ப்பள்ளியில் சொல்லாமல் விட்டது

வ.உ. சிதம்பரம் பிள்ளை என்றால் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி மாறுவேடப் போட்டியில் ஒட்டிய மீசை. 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டம். அதே பெயரில் 1961-ல் சிவாஜி கணேசன் நடித்து வந்த படம். சிறையில் செக்கு இழுத்தது. இவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

'கப்பலோட்டிய' என்றதும் சின்ன வயதில் நான் அவரைக் கேப்டன் என்றே நினைத்திருந்தேன். அவர் கப்பலின் சக்கரத்தைப் பிடித்தவர் இல்லை. தூத்துக்குடியில் வக்கீலாக இருந்தவர். சட்டப்படி பதிவான, பங்குதாரர்கள் உள்ள ஒரு கம்பெனியின் உதவிச் செயலாளர். இன்றைய பேச்சில், ஒரு ஸ்டார்ட்அப்பின் கார்ப்பரேட் ஆஃபிசர். என் நண்பன் எனக்குத் தர வந்த அதே வகை நாற்காலி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார், அது அவரை என்ன செய்தது என்பதுதான் கதை.

1906: தூத்துக்குடிச் சந்தை

முதலில் இடத்தைப் பார்ப்போம். ராமேஸ்வரம் பக்கம் ரயிலும் கப்பலும் சேர்ந்த தனுஷ்கோடி - தலைமன்னார் வழி 1914-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் தெற்கிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடிதான் முக்கியத் துறைமுகம். வியாபாரிகள், தோட்டத் தொழிலாளிகள், பஞ்சு, அரிசி என்று எல்லாமே அந்தக் கடலைத் தாண்டின.

அந்த வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற கம்பெனியின் கையில் இருந்தது. உலகத்தின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று அது. தூத்துக்குடியில் அதன் ஏஜென்டாக இருந்தது ஏ. அண்ட் எஃப். ஹார்வி என்ற ஆங்கிலேய நிறுவனம். ஊரின் பெரிய பஞ்சாலையான கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்விதான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1905-ல் வங்காளத்தைப் பிரித்ததும் சுதேசி இயக்கம் கிளம்பியது. அந்நியத் துணியை விடு, உள்ளூர்ப் பொருளை வாங்கு என்றார்கள். வ.உ.சி. அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். பொருள் சுதேசியாக இருந்தால் போதுமா, அதை ஏற்றிச் செல்லும் கப்பல் யாருடையது என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் எழுப்பியது ஒரு கம்பெனி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16-ஆம் தேதி, 1882-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்படி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். பாரதியார் தன் 'இந்தியா' பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார்.

கம்பெனியின் நோக்கங்களை எழுதி வைத்ததிலேயே, நம்மவர்களுக்குக் கப்பல் ஓட்டப் பயிற்சி தருவது, கப்பல் கட்டும் துறை அமைப்பது என்பதெல்லாம் இருந்தன. லாபம் மட்டும் குறி இல்லை என்பது பங்கு வாங்கியவர்களுக்குத் தெரியும். இதுவும் பிறகு தேவைப்படும்.

இத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் வ.உ.சி. எடுத்துக்கொண்ட பதவியைப் பாருங்கள். உதவிச் செயலாளர். விசிட்டிங் கார்டில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத பெயர். வேலை முழுக்க அவர் தலையில்.

கப்பல் இல்லாத கப்பல் கம்பெனி

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தமாகக் கப்பல் கிடையாது. பம்பாயில் இருந்த ஷா லைன் ஸ்டீமர்ஸிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். கிளவுடை வாடகைக்கு எடுத்து ஆப் ஓட்டுவது போலத்தான். பிரிட்டிஷ் கம்பெனி ஷா லைனை நெருக்கியது. ஷா லைன் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டது. டிக்கெட் விற்கிற கம்பெனியிடம் திடீரென்று கப்பலே இல்லை.

உதவிச் செயலாளர் கொழும்புக்குப் போனார். அங்கே ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துப் போக்குவரத்து நிற்காமல் பார்த்துக்கொண்டார். வாடகைக் கப்பலை நம்பினால் கழுத்தில் எப்போதும் அடுத்தவன் கை இருக்கும் என்பது புரிந்துவிட்டது. சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் கிளம்பினார். அப்போது அவர் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பமாக இருந்தார், வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள் என்று சொல்வார்கள். அவர் போனார்.

1907-ல் எஸ்.எஸ். காலியா என்ற கப்பல் வந்து சேர்ந்தது. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். கூடவே 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம். பின்னாலேயே எஸ்.எஸ். லாவோ என்ற இன்னொரு கப்பலும் வந்தது. ஊரே கரையில் நின்று பார்த்ததாம்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்போம். அமெரிக்கக் கம்பெனிச் சட்டம் ஒரு ஆஃபிசரிடம் முக்கியமாக இரண்டு கடமைகளைக் கேட்கிறது. ஒன்று, கவனம்: உன் பொறுப்பில் உள்ளதைத் தெரிந்துகொண்டு, யோசித்து முடிவெடு. இரண்டாவது, விசுவாசம்: உன் சொந்த லாபத்தைக் கம்பெனியின் நலனுக்கு மேலே வைக்காதே. டெலவேர் உச்ச நீதிமன்றம் 2009-ல், இயக்குநர்களுக்கு உள்ள அதே கடமைகள் ஆஃபிசர்களுக்கும் உண்டு என்று வெளிப்படையாகவே தீர்ப்பில் சொன்னது. என் நண்பன் நிரப்பிய படிவம் டெலவேர் படிவம். ஆக அந்தத் தீர்ப்பு எனக்கும் பொருந்தும்.

கப்பல் போனபோது கொழும்புக்கு ஓடியது கவனம். விசுவாசத்துக்கான சோதனை அடுத்து வந்தது.

இலவச டிக்கெட், கூடவே குடை

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஒரு ரூபாய், அதாவது 16 அணா என்றது. சுதேசிக் கம்பெனி 8 அணா என்றது. பெரிய கம்பெனி அதற்கும் மேலே போய், டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாருங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்றதாகக் கதை உண்டு.

இன்று பே ஏரியாவில் இதை வேறு பெயர்களில் சொல்வார்கள். பணம் நிறைய உள்ள கம்பெனி விலையை அடிமட்டத்துக்கு இறக்கி, சின்ன கம்பெனியின் கையிருப்பு கரையும் வரை காத்திருக்கும். கரைந்ததும் விலை ஏறும். 1907-ல் தூத்துக்குடிக் கரையில் நடந்தது அதுதான். வித்தியாசம் என்னவென்றால், சின்ன கம்பெனிக்குப் பின்னால் ஒரு வென்ச்சர் ஃபண்ட் இல்லை. 25 ரூபாய் போட்ட மனிதர்கள் இருந்தார்கள்.

வ.உ.சி.யையே விலைக்கு வாங்கப் பார்த்தார்கள் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அவர் சம்மதித்திருந்தால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. வக்கீல் தொழில் கையில் இருந்தது. பங்குதாரர்களுக்குத்தான் எல்லாம் போயிருக்கும். விசுவாசம் என்று சட்டப் புத்தகம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு நாற்காலியில் ஒரு மனிதர்

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. மாறுவேடப் போட்டியில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். இருவரும் சேர்ந்து கடற்கரைக் கூட்டங்களில் பேசினார்கள். பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். ஒன்பது நாளில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வாராந்திர விடுமுறை கிடைத்தது.

ஹார்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? மில் ஹார்வியுடையது. எதிரிக் கப்பல் கம்பெனியின் ஏஜென்டும் ஹார்விதான். கப்பலில் மோதிய அதே மனிதர் இப்போது மில்லிலும் ஜெயித்துவிட்டார்.

மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகள். செக்கு. 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

அவர் வெளியே வருவதற்கு முன்பே, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல் கடைசியில் போட்டிக் கம்பெனியிடமே போனது.

இப்போது ஒரு பங்குதாரராக உட்கார்ந்து பாருங்கள். 25 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனியின் உதவிச் செயலாளர் ஒரு மில் வேலைநிறுத்தத்தில் போய் நிற்கிறார், அரசுக்கு எதிராக மேடையில் பேசுகிறார், உள்ளே போகிறார். மூன்று வருடத்தில் கம்பெனி இல்லை. அவர் நல்ல ஆஃபிசரா?

என் தங்கையிடம் இதைக் கேட்டேன். அவள் டாலஸில் ஒரு பேங்கில் ரிஸ்க் வேலை பார்க்கிறாள். யோசிக்காமல் சொன்னாள்: "கண்டிப்பா இல்லண்ணா. கம்பெனிய விட்டு விலகிட்டு அப்புறம் அரசியல் பண்ணியிருக்கணும். ரெண்டையும் கலந்தது தப்பு." அப்பாவுக்குக் கோபம். "கப்பல் விட்டதே அரசியல்தானே" என்றார். அன்று சாம்பார் ஆறிப்போனது.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஒரு நல்ல காரியத்துக்காக என்றாலும், அடுத்தவர் காசை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆபத்தை இழுக்கலாம் என்ற தங்கையின் கேள்வியை ஒதுக்க முடியாது. ஆனால் அப்பா பக்கமும் ஒரு வலுவான வாதம் உண்டு. அந்தக் கம்பெனியின் பெயரிலேயே 'சுதேசி' இருந்தது. நோக்கங்களிலும் இருந்தது. பங்கு வாங்கியவர்கள் தாங்கள் எதில் காசு போடுகிறோம் என்று தெரிந்தே போட்டார்கள். வ.உ.சி. எதையும் மறைக்கவில்லை. கடற்கரையில் நின்று ஊர் கேட்கப் பேசியவர் மீது, மறைத்தார் என்று யார் குற்றம் சொல்ல முடியும்?

நஷ்டத்துக்கு எல்லை உண்டு, பொறுப்புக்கு?

ஸ்டார்ட்அப் உலகத்தில் ஷேரையும் பதவியையும் ஒரே மூச்சில் பேசுவோம். ரெண்டு பர்சென்ட், சிடிஓ. ஆனால் இரண்டும் ஒரே வகையானவை இல்லை.

பங்கு என்பது எல்லை உள்ள ஆபத்து. சுதேசிக் கம்பெனியில் ஒரு பங்கு வாங்கியவர் அதிகபட்சம் 25 ரூபாய் இழப்பார். 8,000 பங்கு வாங்கிய சேட் 2 லட்சம் இழக்கலாம். அதற்கு மேலே ஒரு அணா கூட யாரும் கேட்க முடியாது. கம்பெனிச் சட்டம் இருப்பதே அதற்காகத்தான். இன்றும் அதேதான்.

பதவிக்கு அந்த எல்லைக்கோடு இல்லை. தமிழில் 'பொறுப்பு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கடமைக்கு ஒரு சொல், சுமக்க வேண்டிய கடனுக்கு வேறொரு சொல். நமக்கு இரண்டும் ஒன்று. பொறுத்துக்கொள்வது, பொறுமை, பொறுப்பு எல்லாம் ஒரே வேர். சுமப்பது.

வெளியே வந்த வ.உ.சி. எப்படிச் சுமந்தார் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வக்கீல் உரிமம் போயிருந்தது. சென்னையில் வறுமையில் இருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள், நம்மைப் போலவே கடல் கடந்து வாழ்ந்தவர்கள், அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு 1915-ல் காந்திக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. 1916-ல்தான் பணம் கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் ரூபாய் மூலதனக் கம்பெனியை ஓடி ஓடி நடத்தியவருக்கு அந்தத் தொகை எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி காலமானார்.

இன்றைய படிவத்தில் என்ன இருக்கிறது

'அது வெள்ளைக்காரன் காலம், இப்போது யார் ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள்' என்று நீங்கள் நினைக்கலாம். பே ஏரியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது.

எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல், 19 வயதில், தெரனோஸ் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு சொட்டு ரத்தத்தில் பல பரிசோதனைகள் என்றார். 2009-ல் சன்னி பல்வானி தலைவராகவும் சிஓஓவாகவும் சேர்ந்தார். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. முதலீட்டாளர்களிடம் செய்வதாகவே சொன்னார்கள். 2018-ல் கம்பெனி கலைந்தது. 2022-ல் இருவருமே மோசடிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஹோம்ஸுக்கு 11 ஆண்டு 3 மாதம். பல்வானிக்கு 12 ஆண்டு 11 மாதம். நிறுவனரை விட, பின்னால் வந்து பதவி ஏற்றவருக்கு அதிகம்.

மோசடியெல்லாம் நாம் செய்யப்போவதில்லை, சரி. சாதாரணமாக நடப்பதைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி ஊழியர் சம்பளத்திலிருந்து வரியைப் பிடிக்கிறது. வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர். அது கம்பெனியின் காசு இல்லை. அரசுக்காகக் கையில் வைத்திருக்கும் காசு. கையிருப்பு குறையும்போது, இந்த மாதம் சர்வர் பில்லைக் கட்டுவோம், வரியை அடுத்த மாதம் பார்ப்போம் என்று தோன்றும். அப்படித் தெரிந்தே விட்டால், பணத்தின் மீது அதிகாரம் உள்ள ஆஃபிசரிடம், பிடித்த வரி முழுவதையும் ஐஆர்எஸ் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து கேட்க முடியும். கம்பெனி மூடினாலும் கேட்கும். நியூ ஜெர்சியின் சம்பளச் சட்டம் கம்பெனி ஆஃபிசர்களையே 'முதலாளி' என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சம்பளம் கொடுக்காமல் விட்டால் கேள்வி அவர்களையும் நோக்கித்தான் வரும்.

இதை நான் ஒருமுறை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு சின்ன கம்பெனிக்கு வேலை செய்தேன். இரண்டு மாதம் என் பில்லுக்குப் பணம் வரவில்லை. அங்கே ட்ரெஷரர் என்று பெயர் போட்டிருந்தவர் ரொம்ப நல்ல மனிதர், நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டவர். நான் போன் செய்தபோது, "தம்பி, எனக்கு உண்மையிலேயே ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார். உண்மைதான், அவருக்குத் தெரியாது. அந்த உண்மையால் எனக்கு வாடகை கட்ட முடியவில்லை.

பாதுகாப்புகளும் உண்டு. ஆஃபிசர்களுக்கான காப்பீடு இருக்கிறது. 2022 முதல் டெலவேரில், கம்பெனி தன் சாசனத்தில் எழுதினால், கவனக்குறைவுக்காக ஆஃபிசர்கள் சொந்தப் பணத்தில் இழப்பீடு தருவதை ஓரளவு குறைக்கலாம். விசுவாசம் தவறினால் அந்தக் குடை விரியாது.

இதில் ஒரு நியாயம் இருப்பதைக் கவனியுங்கள். நேர்மையாக யோசித்து எடுத்த முடிவு தோற்றுப்போனால், அதற்காகச் சட்டம் உங்களைத் தண்டிப்பதில்லை. ஸ்டார்ட்அப் என்றால் பெரும்பாலும் தோற்கும். சட்டம் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்ததைச் சொன்னாயா?

வ.உ.சி.யின் கம்பெனி தோற்றது. ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. கொழும்பு, பம்பாய் என்று அலைந்து எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தார். தான் எதற்காக நிற்கிறேன் என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். தெரனோஸும் தோற்றது. அங்கே இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. எனக்குப் பணம் தர வேண்டிய ட்ரெஷரரிடம் முதல் கேள்விக்கே பதில் இல்லை. என் தங்கையின் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனாலும் வ.உ.சி. நல்ல ஆஃபிசர் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் என்ன செய்தேன்

மூன்று வாரம் கழித்து நண்பனைக் கூப்பிட்டேன். சில கேள்விகள் கேட்டேன். சம்பளக் கணக்கையும் வரிக் கணக்கையும் நான் நேரடியாகப் பார்க்க முடியுமா? காப்பீடு எடுப்பீர்களா? போர்டு கூட்டக் குறிப்புகளை எழுதும் செகரட்டரி நான் என்றால், என்னைக் கேட்காமல் கூட்டம் நடக்காதே?

"எல்லாத்துக்கும் ஓகே மச்சான்" என்றான். எதையும் மறுக்கவில்லை. பிரச்சினை அவன் பக்கம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

எனக்கு இரண்டு குழந்தைகள். பகலில் கிளையன்ட் வேலை. கணக்கைத் திறந்து காட்டினாலும், இரவு பதினோரு மணிக்கு நான் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. இரண்டே மாதத்தில், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று போனில் சொல்லும் அந்த நல்ல மனிதராக நான் ஆகிவிடுவேன். அவன் கம்பெனியில் சேரப்போகிற முதல் ஊழியர், உங்களில் ஒருவராகக் கூட இருக்கலாம், அன்று எனக்குப் போன் செய்வார்.

வேண்டாம் என்று சொன்னேன். பதவி இல்லாமல் அட்வைசராக, மாதம் சில மணி நேரம், தொழில்நுட்பம் மட்டும் பார்த்துத் தருகிறேன் என்றேன். "நிஜமா ஃபண்ட் வந்து, நான் என் வேலைய விட்டுட்டு முழுநேரமா வர்ற நாள் வந்தா, அன்னிக்குத் திரும்பக் கேளுடா. அன்னிக்குக் கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

கொஞ்சம் வருத்தப்பட்டான். ஒரு நிமிடம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு, "ரெண்டு பர்சென்ட் எல்லாம் கிடையாது அப்ப" என்றான். "கால் பர்சென்ட் குடு" என்றேன். சிரித்துவிட்டான்.

மக்களே, உங்களுக்கு அந்தப் போன் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வயதில் குழந்தைகள் இல்லை, நேரம் இருக்கிறது. முழுதாக இறங்க முடிந்தால் இறங்குங்கள். பதவி பெரிதா சிறிதா என்று பார்க்காதீர்கள். அவர் உதவிச் செயலாளர்தான். ஆனால் படிவத்தில் பெயரை டைப் செய்யும் முன், உங்களை நம்பி 25 ரூபாய் போட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எப்போது கணக்குக் கேட்டாலும் உங்களால் எடுத்துச் சொல்ல முடியுமா?

முடியும் என்றால் கையெழுத்துப் போடுங்கள். கப்பல் வந்து சேரும்போது கரையில் நின்று கைதட்ட நானும் வருகிறேன்.